ஒரே ஆளும் நூறு காரணமும்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இது என் அக்காவுக்கு எழுதுவது. அவள் இப்போது இல்லை.

அக்கா, அட்டை கருகிய வாசனை வீட்டைவிட்டு இன்னும் போகவில்லை. விடுதியிலிருந்து வந்த உன் பெட்டியில், கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்காக நீ ஓட்டை போட்டு வைத்திருந்த அட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன. சாயங்காலம் ஈர விறகு பற்றவில்லை என்று அம்மா அதில் ஒரு கட்டு அட்டையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. நாளைக் காலை அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் என் டி.சி.யை வாங்கப் போகிறார் என்ற பயத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அட்டைகளில் இருந்தவை நம் காப்பிச் செடிகள்தான். மெட்ராஸிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் நீ கொஞ்சம் செடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் இலை நீளம், தண்டின் பருமன், நிழல், மண் என்று அளந்துகொண்டே இருப்பாய். பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலியோரம் நின்று அப்பாவிடம் கேட்டார், "ஏனுங்க, உங்க பொண்ணு எலைக்கெல்லாம் ஜாதகம் எழுதுதுங்களா?"

"ஜாதகக்காரரு பொருத்தம் கண்டுபுடிப்பாருங்க. நான் அது நெசமான்னு பாக்கறேனுங்க" என்றாய் நீ.

செடி கொஞ்சம், அளவு ஏராளம். அதுதான் உன் ஆராய்ச்சியின் தலைவலி. எனக்கு அது புரியவில்லை. துரு நோய் பிடித்த செடிகளுக்கெல்லாம் இலைக்காம்பு குட்டை என்று கண்டுபிடித்துவிட்டுக் குதித்தேன். நீ 'நோய் உண்டு', 'நோய் இல்லை' என்று சீட்டு எழுதி முறத்தில் குலுக்கி, கைக்கு வந்தபடி செடிகளுக்குப் பங்கு வைத்து, மறுபடியும் தேடச் சொன்னாய். அந்தப் பொய் நோய்க்கும் ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது: இலை ஓரத்தின் நெளிவு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நூறு எடத்துல தேடுனா ஏதாச்சும் ஒண்ணு ஆப்பிடும் கண்ணு" என்று சிரித்தாய்.

உன் காரியத்தன்று எல்லோரும் அப்படித்தான் தேடினார்கள். மஞ்சள் காமாலை என்று டாக்டர் சொன்னது யாருக்கும் போதவில்லை. "கண்ணாடி போட்டப்பவே நெனச்சேன்" என்றார் பெரியப்பா. "தனியா பஸ்ஸுல போறதும் வர்றதும்" என்றாள் அத்தை. "நொம்பப் படிச்சா ஒடம்பு தாங்குமாங்க?" என்று பெரியம்மா கேட்டதும் எல்லாத் தலையும் ஆடியது. ஒரே ஆள், நூறு விவரம். அதில் ஒன்று பொருந்திவிட்டது.

அப்பா இன்று மதியம் சாப்பிடும்போதுதான் சொன்னார்: "இன்னொண்ணையும் தூக்கிக் குடுக்க என்னால ஆவாது சாமி. பள்ளிக்கூடம் போதும்." திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

நம் ஊர் மாரமங்கலத்திலேயே பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் காமாலையில் போனவர்கள் இருக்கிறார்கள். படித்துவிட்டு நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏன் யாரும் கணக்கில் எடுக்கவில்லை? உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். கேட்டால் அப்பா உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. கேட்காவிட்டால் நாளையோடு

கதவு தட்டும் சத்தம். "கண்ணு, வெளக்கு எரியுதே. தூங்கலையா?"

அப்பாதான். அழுதவர் குரல் மாதிரி இருக்கிறது. கேட்டுவிடுகிறேன், அக்கா. இப்போதே