திரை அணையும் நேரம்

செவ்வாய், இரவு.

இன்று கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். ஏற்றினேன். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. படிப்பது, படம் பார்ப்பது எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான். பக்கம் தானாக நகரும்படி நான் வைத்துவிட்டுப் போவேன்.

யாரும் தொடாவிட்டால் எவ்வளவு நேரத்தில் திரை அணைய வேண்டும் என்று நடுவில் கேட்டது. அவரால் மவுஸைத் தொட முடியாதே. 'அணைக்கவே வேண்டாம்' என்று போட்டேன்.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "பத்து நிமிசம்னு போடு ஸ்டெல்லா" என்றார்.

"இன்னாங்க சொல்றீங்க? பாதி படிக்கசொல்லவே அணைஞ்சிடுமே. அப்புறம் இன்னா பண்ணுவீங்க?"

"உன்ன கூப்புடுவேன்."

"நான் உள்ள தச்சிக்கினு இருப்பேன். சும்மா கூப்புட்டா வரமாட்டேனா?"

"வேலையா இருக்கற. சும்மா எப்டி கூப்புடறது?"

திரையை நான் போட்டபடியே விட்டேன். தையல் மெஷினை உள்ளறையிலிருந்து இழுத்து வந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். அந்தச் சத்தத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை என்று சாயங்காலம் முழுக்கத் திட்டினார். உள்ளே கொண்டுபோ என்று மட்டும் சொல்லவில்லை.