முதுகில் இருக்க வேண்டிய வெள்ளிப் பட்டை

ஏட்டி கருப்பட்டி,

அனுப்புநர்:
சி. கோமு,
க/பெ. காலஞ்சென்ற சிவசண்முகம்,
வாய்க்கால் தெரு, தோணித்துறையூர்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: கொசுப்புழு ஒழிப்பு வேலைக்குச் சைக்கிளில் போகும் பெண்களுக்குத் தரப்படும் மழைச்சட்டையை ஐப்பசி மழைக்கு முன் மாற்றித் தரவும், என் மகள் இறந்தது பற்றிய தாளில் ஒரு வரியைத் திருத்தவும் வேண்டுவது.

பார்வை: தோணித்துறையூர் பேரூராட்சி அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த விசாரணைத் தாள், நாள் 12.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் என் மூத்த மகளைக் கூப்பிட்டு எழுதிவிட்டேன். வேணி என்பது பள்ளிக்கூடத்துப் பேர். கருப்பட்டி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், கை வரவில்லை. தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். போன வாரம் தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் சொல்லி எழுதச் சொன்னேன். நாலு வரியில் முடித்துக் கொடுத்தார். அந்த நாலு வரியில் சட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

1. என் மகள் வேணி, வயது 24, எங்கள் பேரூராட்சியில் ஒப்பந்தக்காரர் மூலமாக மூன்று வருடம் கொசுப்புழு ஒழிப்பு வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் தொட்டி, டிரம், ஆட்டுரல், பழைய டயர் எல்லாவற்றிலும் புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து மருந்து ஊற்ற வேண்டும். மழை பெய்தால்தான் புழு வரும். ஆகவே ஊர் முழுக்க மழைக்கு வீட்டுக்குள் இருக்கும்போது இவர்கள் ரோட்டில் இருப்பார்கள். மொத்தம் பதினோரு பெண்கள். எல்லாருக்கும் சைக்கிள்தான்.

2. மழையில் சைக்கிள் மிதிக்கிறவள் என்ன உடுத்த வேண்டும் என்று எந்த அலுவலகமும் சொல்லித் தரவில்லை. நாங்களாகத்தான் பழகிக்கொண்டோம். பருத்திச் சுடிதார் ஆகாது. ஒரு முறை நனைந்தால் சாயங்காலம் வரை உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரும். வேணிக்கு என் வீட்டுக்காரரின் பழைய டெரிகாட்டன் சட்டையை உள்ளே போட்டு அனுப்புவேன். அது உதறினால் காயும். துப்பட்டாவைச் சங்கிலி இழுக்காதபடி ஊக்கு குத்தி இடுப்பில் சொருகுவாள். ரப்பர் செருப்பு மிதியில் வழுக்கும் என்று கழற்றிப் பையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு மிதிப்பாள். குடையை ஒரு கையில் பிடித்தால் வாய்க்கால் ரோட்டுக் காற்று ஆளோடு சாய்த்துவிடும். உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டால் நனையாது, பின்னால் வருகிற வண்டிச் சத்தமும் கேட்காது. இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தவள்தான் நான். அப்படிப்பட்டவளுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று. அதைக் கீழே எழுதுகிறேன்.

3. 2024 அக்டோபரில் பதினோரு பேருக்கும் மழைச்சட்டை கொடுத்தார்கள். கறுப்பு நிறம். எல்லாம் ஆம்பிளை அளவு. முன்பக்கம் ஐந்து பிரஸ் பட்டன். சைக்கிளில் ஏறி முழங்காலைத் தூக்கி மிதித்ததும் கீழிரண்டு பட்டனும் தானாகத் திறந்துகொள்ளும். காற்று அடித்தால் மேலே உள்ளதும் திறக்கும். உள்ளே இருப்பது நனைந்து உடம்போடு ஒட்டும். அந்தக் கோலத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, வீட்டில் ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து தொட்டியைப் பார்க்க எந்தப் பெண்ணால் முடியும் என்பதைத் தங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டாலே தெரியும். என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. நெஞ்சில் ஈரக்காற்று பட்டால் அன்று முழுவதும் மூச்சு விசில் அடிக்கும்.

4. எங்கள் பக்கம் மார்கழிப் பனியில் வண்டி ஓட்டுகிற ஆம்பிளைகள் சட்டையை முன்பின்னாக மாற்றி, நெஞ்சுக்கு மறைப்பாகப் போட்டுக்கொள்வது வழக்கம். என் வீட்டுக்காரர் அம்பாசமுத்திரத்து அரிசி ஆலைக்கு அப்படித்தான் போய் வந்தார். அதை நினைத்து, மழைச்சட்டையைத் திருப்பிப் போட நான்தான் வேணிக்குச் சொன்னேன். திறப்பு முதுகுக்குப் போய்விடும், நெஞ்சுக்கு ஒரு சொட்டு இறங்காது. முதுகில் சேர்த்துக் கட்டுவதற்குப் பாவாடை நாடாவை வெட்டி நாலு இடத்தில் தைத்தும் கொடுத்தேன். இதைப் பார்த்துவிட்டு மற்றப் பத்து பேரும் வந்தார்கள். அன்னத்தாய் என்கிற பெண் “மதினி, நீங்க புண்ணியமாப் போவீங்க, எனக்கும் நாலு நாடா வச்சிக் குடுங்க” என்றாள். பதினோரு சட்டைக்கும் நான் தைத்தேன்.

5. அந்தச் சட்டையின் முதுகில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளிப் பட்டை இருந்தது. முன்பக்கம் கிடையாது. திருப்பிப் போட்டதும் அது நெஞ்சுக்கு வந்துவிட்டது. “எம்மா, அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துன மாதிரி இருக்கு பாரேன்” என்று வேணி கண்ணாடி முன் நின்று சிரித்தாள். டீக்கடையில் இருக்கிறவர்கள், “ஏளா, நீ போறியா வாரியா, ஒண்ணும் தெரியலயே” என்று கேலி செய்ததாகவும் வந்து சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஐயா, அந்தப் பட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டையைக் கொடுத்தவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

6. 19.11.2024 செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணி. வானம் இறங்கி வந்து வாழைத்தோட்டத்தின் மேல் கிடந்தது. தூறல் விடவில்லை. முதுகில் நாலு முடிச்சும் நான்தான் போட்டேன். வாய்க்கால் ரோட்டில் இரண்டாவது மதகு தாண்டி, பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த லோடு வேன் என் மகளை அடித்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

7. வேன் ஓட்டிய தேவேந்திரன் பதினாறாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, “யம்மா, நான் குடிக்கல, வேகமாவும் வரல. லைட்டுப் போட்டுத்தான் வந்தேன். முன்னால ஒரு ஆள் போறதே தெரியல. ரோடு கறுப்பு, அதுவும் கறுப்பு” என்றார். அதே ரோட்டில் எதிர்த்திசையில் மொபெட்டில் லைட்டுப் போட்டுப் பால் கேனோடு வந்தவர் பாக்கியசீலன் அண்ணாச்சி. அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. “தூரத்துலயே நெஞ்சு பளபளன்னு மின்னுச்சு கோமு. நம்ம வேணி வாரான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பின்னால வேன் வந்ததையும் பாத்தேன். எனக்கே இம்புட்டுத் தெரியுதே, அவனுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்” என்றார். அன்றைக்குத்தான் பட்டை எதற்கு என்று எனக்கு விளங்கிற்று.

8. பார்வையில் சொன்ன தாளில், ‘வழங்கப்பட்ட பாதுகாப்பு உடையை இறந்தவர் முறையாக அணியாததே காரணம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். திருப்பிப் போட்டது மெய். கட்டிவிட்டது நான். இறந்தவர் பேரில் அதை எழுதக் கூடாது. அவள் என் பேச்சைக் கேட்டாள், அவ்வளவுதான். நேராகப் போட்டிருந்தால் எப்படி நனைந்திருப்பாள், ஏன் பதினோரு பேரும் ஒருவர் தவறாமல் திருப்பிப் போட்டார்கள் என்று அந்தத் தாளில் யாரும் கேட்கவில்லை.

9. இப்போது நடப்பதைத் தாங்கள் தயவு செய்து கவனமாகப் படிக்க வேண்டும். இந்த ஆடிச் சாரல் முதல் புது உத்தரவு ஒன்று வந்திருக்கிறது. மேற்பார்வையாளர் ரிச்சர்ட் காலையில் எல்லாரையும் அலுவலக வாசலில் வரிசையாக நிறுத்துகிறார். முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று என்று செல்போனில் படம் எடுத்து மேலே அனுப்புகிறார். “திருப்பிப் போட்டா நாளைக்கு வேலைக்கு வராதீய” என்று சொல்லியிருக்கிறார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வந்த உத்தரவு அது. படத்தில் எல்லாச் சட்டையும் சரியாக இருக்கும். படம் எடுத்து முடித்து, வாய்க்கால் பாலம் தாண்டியதும் பத்து பேரும் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்துகிறார்கள். சட்டையைக் கழற்றித் திருப்பி, ஒருவருக்கொருவர் முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடியும் ஏறிப் போகிறார்கள். முடிச்சுப் போடுவது நான் தைத்த நாடாவில்தான். தங்களுக்கு வந்து சேருகிற படத்தைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது.

10. ஒரு நாள் காலை அவர்களுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நான் நடந்து போனேன். சாரல் பெய்துகொண்டிருந்தது. நூறடி தாண்டியதும் எனக்கு முதலில் போனவள் தெரியவில்லை. நாலு எட்டு வைத்தேன், அவளுக்குப் பின்னால் போனவளும் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாக அந்த ரோடு எடுத்துக்கொண்டே போயிற்று. மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

11. செப்டம்பர் 9-ஆம் தேதி ஒரு மினி பஸ் அன்னத்தாயின் சைக்கிள் கேரியரை உரசி வளைத்துவிட்டுப் போயிருக்கிறது. 23-ஆம் தேதி இன்னொருத்தியின் கைப்பிடியில் தொங்கிய மருந்துப் பை ஏதோ வண்டியில் மாட்டிப் போய்விட்டது. இரண்டையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் எந்தப் பக்கம் போட்டிருந்தாய் என்று கேட்பார்கள் என்ற பயம். இது சாரலுக்கே நடந்தது. ஐப்பசி இன்னும் பிறக்கவில்லை.

12. நான் கத்தரிக்கோலோடு பத்து வீட்டுக்கும் போனேன். நான் தைத்ததை நானே வெட்டிவிடுகிறேன், சட்டையைக் கொண்டு வாருங்கள் என்று கேட்டேன். மூன்று பேர் கொடுத்தார்கள்; மறுநாளே அவர்களாகக் கயிறு வைத்துக் கட்டிக்கொண்டார்கள். அன்னத்தாய் கொடுக்கவே மாட்டேன் என்றாள். “மதினி, வண்டி அடிக்கது என்னைக்கோ ஒரு நாள். நெஞ்சு நனைஞ்சு கண்டவன் முன்னால நிக்கது தினப்படி” என்றாள். கத்தரிக்கோலை மடியில் சொருகிக்கொண்டு திரும்பி வந்தேன். பட்டையைப் பிரித்து மறுபக்கம் தைத்தும் பார்த்தேன். ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. மினுக்குத் துணி வாங்கிப் பசை போட்டு ஒட்டினேன், ஒரு மழைக்குத் தாங்கவில்லை. இது வீட்டில் ஊசி நூலை வைத்துக்கொண்டு சரி செய்கிற காரியம் இல்லை ஐயா.

13. என் இளைய மகள் பிருந்தா, வயது 20. வேணியின் இடம் காலியாக இருக்கிறது என்று அவளை எடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு மறுநாள், 21.10.2025 காலை வேலையில் சேர வேண்டும். வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். “நான் போகலன்னா வேற ஒருத்தி போவா. அவளுக்கும் இதே சட்டைதானம்மா. அவளுக்கும் ஒரு அம்மை இருப்பால்லா” என்றாள். போன வெள்ளிக்கிழமை அவளுக்குரிய சட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். அதே கறுப்பு, அதே அளவு, அதே ஐந்து பட்டன். வருடம் திரும்பாததால் எங்களுக்கு இந்தத் தீபாவளி கிடையாது. இந்த வருடம் எங்கள் வீட்டு வாசலுக்குள் வந்திருக்கும் ஒரே புதுத்துணி அதுதான். கொடியில் போட மனமில்லாமல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். கதவைச் சாத்தும்போதெல்லாம் ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஆகவே ஐயா, இந்த வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பெண்கள் அளவிலேயே, கழுத்து முதல் முழங்கால் வரை திறக்காமல் மூடுகிற, தூரத்தில் தெரிகிற மஞ்சளோ வேறு வெளிறிய நிறமோ உள்ள சட்டை தர உத்தரவிட வேண்டும். பட்டை முன்னும் பின்னும் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போட்டாலும் ஆள் தெரிய வேண்டும். அது வந்து சேரும் வரை மழைக் காலைகளில் அவர்களைச் சைக்கிளில் அனுப்பாமல் பக்கத்துத் தெருக்களில் நடந்து வேலை பார்க்க விட வேண்டும். பட்டை எதற்கு என்று ஒருவர் வந்து பத்து பேரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த தாளில் ‘முறையாக அணியாததே’ என்ற வரியை எடுத்துவிட்டு, கொடுத்த சட்டை எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டும். திருப்பிக் கட்டியது யார் என்று எழுதியே ஆக வேண்டும் என்றால் என் பேரை எழுதிக்கொள்ளலாம். நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்றைக்கும் இருபத்தோராம் தேதிக்கும் நடுவில் பதினைந்து நாள் இருக்கிறது. தங்கள் பதில் அதற்குள் வந்தால் அந்த ஆணியில் தொங்குவதை நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வராவிட்டால், அன்று காலை ஆறு மணிக்குப் பிருந்தா சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். நேராகப் போட்டால் அன்னத்தாய் சொன்னது நடக்கும். திருப்பிப் போட்டால் தேவேந்திரன் சொன்னது நடக்கும். இதைத் தங்களிடம் கேட்டுவிட்டேன். இன்னும் ஒருத்தியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஏட்டி, உன் தங்கச்சிக்கு நான் எந்தப் பக்கம் வைத்துக் கட்ட?

இடம்: தோணித்துறையூர்
நாள்: 06.10.2025, திங்கட்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சி. கோமு
(வேணி, பிருந்தா இருவரின் தாய்)