மன்றாட்டில் எழுதிய போன் நம்பர்

அன்புள்ள மகன் எமில்ராஜுக்கு, அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அப்படி இருக்கவேண்டும் என்றுதான் மணிக்கொரு தடவை மன்றாடுகிறேன். நாலு நாளாக நீ போன் எடுக்கவில்லை ராசா, அதனால்தான் பாரிசுக்கு வருகிற பக்கத்து வீட்டு றஜிதாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அப்பா தொழிலுக்கும் போகாமல் வாசலில் குந்திக்கொண்டு இருக்கிறார்.

கோபிக்காதே, அம்மா ஒரு விசர் வேலை பார்த்துவிட்டேன். உன்னுடைய கிரிப்டோக் காசைக் கள்ளர் கொண்டுபோனதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார்தானே என்று போன கிழமைக்கு முதல் கிழமை, கோயிலில் அவருக்கு நடக்கிற செவ்வாய் நவநாள் செபத்துக்கு மன்றாட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். உன் பெயர், போன தொகை, சேர்ந்து செபிக்கிறவர்களுக்கென்று என் போன் நம்பர், எல்லாம் எழுதி ஊர் வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். சில நாளில் லண்டனில் வழக்குப் பேசுகிற லோயர் என்று ஒருவன் எனக்குப் போன் எடுத்தான், நல்ல தமிழ், உன் விபரம் முழுக்கச் சொன்னான், காசு அகப்பட்டுவிட்டதாம், செலவுக்கு ஐந்து லட்சம் முதலில் அனுப்பவேண்டுமாம். புனிதர்தான் அனுப்பினார் என்று நம்பி உன் நம்பரையும் கொடுத்துவிட்டேன். அந்தக் காசுக்கு அடைவு வைக்கத் தாலிக்கொடியைக் கழற்றும்போதுதான் உன் மச்சாள் ஜெசிதா வந்து கேட்டாள், "காசு அவன்ரை கையிலை இருந்தா அதிலையிருந்து தன்ரை செலவை எடுக்கலாம்தானே மாமி, ஏன் முன்னுக்குக் கேக்கிறான்?" அவன் சொன்ன விபரமெல்லாம் நானே குழுவில் போட்டவைதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் திரும்பப் போன் எடுத்தபோது தரமாட்டேன் என்றேன், அவன் குரல் மாறிவிட்டது, மகனோடு கதைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். அன்றிலிருந்துதான் நீ எடுக்கவில்லை.

தம்பி, அவன் என்ன சொன்னாலும் கடன்பட்டுக் காசு கட்டாதே. உன் கிரிப்டோ வாலட்டைத் திறக்கிற பன்னிரண்டு இரகசியச் சொல்லையும் ஒருவருக்கும் சொல்லாதே, நான் கேட்டாலும் சொல்லாதே. பழைய மெசேஜுகளை அழிக்காமல் அங்குள்ள பொலிசிலும் வங்கியிலும் காட்டச் சொல்லி ஜெசிதா சொல்கிறாள். போன காசு போகட்டும். காசு களவுபோன நேரம் ரயில் பாதையடியில் தனியாக நின்றேன் என்று நீ ஒருக்கால் சொன்னாய், அதுதான் என் நெஞ்சை விட்டுப் போகுதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மகன்.

நேற்றுச் செவ்வாய் மறுபடி மன்றாட்டு எழுதினேன். பெயர் இல்லை, நம்பர் இல்லை, காசும் கேட்கவில்லை. என் பிள்ளை போன் எடுக்கவேண்டும் என்று மட்டும் எழுதிப் பெட்டிக்குள் போட்டேன். யாருடைய பிள்ளை என்று அந்தோனியாருக்குத் தெரியும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இது கிடைத்த உடனே, றஜிதாவின் போனிலிருந்தாவது, அம்மா என்று ஒரு சொல் சொல்லு.

போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்
அம்மா யோசப்பின்