காற்றுக் குழாய்களை எண்ணிய கிழமை

1996 ஓகஸ்ட் 1, வியாழன்

காலையில் கை விறைக்கும் குளிர். பத்து மணிக்கே வெயில். குடிசன மதிப்புப் படிவங்கள் தபால் வண்டியில் வந்துவிட்டன. வீடு வீடாகப் போய் ஆள் எண்ணும் வேலை எனக்கு! நகரத்தில், நோபல் பார்க் தொழிற்சாலையில் ஆறு வருடம் பிஸ்கட் பெட்டி அடுக்கிய பழைய புவியியல் ரீச்சருக்கு! என் மனுசன் சிவத்துக்கு இங்கே ஜெனரேற்றர் பார்க்கும் மூன்று மாத ஒப்பந்தம் கிடைத்திராவிட்டால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

தந்த வரைபடத்தில் இந்த ஊர் ஒரு புள்ளி, ஒரு கோடு. அவ்வளவுதான். நகரசபை இல்லை, தெருப்பெயர் இல்லை, வீட்டிலக்கம் இல்லை. ஓபல் என்ற மணிக்கல் தோண்டுகிறவர்களின் ஊர். வெயிலுக்குப் பயந்து பாதிப்பேர் குன்றைக் குடைந்து உள்ளே குடியிருக்கிறார்கள்.

கடைக்கார மொரீன்: "கதவைத் தேடாதே. நிலத்தில் காற்றுக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கும். குழாய் இருந்தால் கீழே ஆள் இருக்கும்."

வாங்க: பென்சில், அழிறப்பர், தொப்பி, முட்டை.

3, சனி

என்ன நிலம் இது! சிவப்புத் தரை. தோண்டிக் கொட்டிய வெள்ளை மண் மேடுகள், எண்ண முடியாத அளவு. கிழக்கே காய்ந்த ஆறு. மேற்கே ஒன்றுமில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் பாலைவனம் கீறியவள், இன்றுதான் அதில் கால் வைத்து நடக்கிறேன்.

கொப்பியில் நானே வரைபடம் கீறினேன். வீடு 1, தண்ணீர்த் தாங்கிக்கு வடக்கே. வீடு 9, நீல பஸ்ஸுக்குப் பின்னால். அந்த பஸ்ஸே வீடு 10.

மேட்டில் நின்று எழுதிக்கொண்டிருக்க, குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல்: "யாரது என் குசினிக்கு மேலே? சட்டியில் மண் விழுகிறது!" சிரித்து வயிறு நொந்துவிட்டது. படி இறங்கினால் உள்ளே சோபா, டிவி, மீன் தொட்டி!

மகள் தாரணி ரெலிபோனில்: "அம்மா, யூ ஆர் கவுண்டிங் கேவ் பீப்பிள்?"

"ஓம். உன்ர யூனியில போய்ச் சொல்லு."

இதுவரை 58 பேர். முட்டை மறந்துபோச்சு.

4, ஞாயிறு

காற்று, தூசி. ஆற்றுக்கு அப்பால் தனியாக ஒரு குழாய். யோசிப் என்று பெயர், மொரீன் சொன்னாள்; எழுபது வயதிருக்கும். தகரக் கதவைத் திறந்தார், படிவத்தைப் பார்த்தார், மூடிவிட்டார். உள்ளிருந்து குரல் மட்டும்: "பட்டியலில் என் பெயர் வேண்டாம். என் அப்பாவின் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது. அதை வைத்துத்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்."

மறுத்தவரின் பெயரைத் தனித்தாளில் எழுதி அனுப்ப வேண்டுமாம். எழுதவில்லை.

சிவம்: "அது சட்டமெல்லோ. உம்மட வேலை போயிடும்."

"போனாப் போகட்டும்."

6, செவ்வாய்

இன்றிரவு யார் எங்கே இருக்கிறார்களோ, அதுதான் கணக்கு. மத்தியானம் மறுபடி ஆற்றைக் கடந்தேன். மூடிய கதவோடு கதைத்தேன், என் ஓட்டை இங்கிலிஷில். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில், தமிழர் வீடு தேடிக் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததை. நானும் ஆறு வயதுத் தாரணியும் பக்கத்து வீட்டு அலுமாரிக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றதை. யாருக்கும் முழுதாகச் சொல்லாததை ஒரு தகரத்துக்குச் சொன்னேன்.

"வற்புறுத்த வரவில்லை. படிவத்தை வாசலில் வைக்கிறேன். அடுப்பில் போட்டாலும் சரி."

பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு லேசு.

7, புதன்

காலை ஏழரை. எங்கள் கரவன் வண்டிவீட்டின் கதவில் தட்டும் சத்தம். யோசிப்! சவரம் செய்து, கோட் போட்டு, கையில் படிவத்தோடு! எதிரே கடைவாசலில் மொரீன் வாயைப் பிளந்துகொண்டு.

கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் நிரப்பியிருந்தார். ஒரு கட்டம் மட்டும் வெறுமை: பிறந்த நாடு.

"அந்த நாடு இப்போது இல்லை. என்ன எழுத?"

புவியியல் ரீச்சருக்கும் விடை தெரியவில்லை. "நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அது."

பேனையை எடுத்தார். இல்லாத நாட்டின் பெயரையே அழுத்தி எழுதினார்.

வரைபடத்தில் அவர் வீட்டைக் குறித்தேன். மொத்தம் எழுபத்து நான்கு பேர்!!

கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, விரலால் ஒவ்வொரு வீடாகத் தொட்டுப் பார்த்தார். "உங்கள் வீடு எங்கே?"

பார்த்தேன். இல்லை. ஊர் முழுவதையும் எண்ணியவள் எங்கள் கரவனைக் கீறவே இல்லை. எங்களுக்கென்று ஒரு படிவம்கூட எடுத்து வைக்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ! நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் எழுதேல்லை!"

பேனையை யோசிப்தான் எடுத்துத் தந்தார். எழுபத்தாறு.