இடம் சொன்னவள்

ஒந்தாங்வா
9 மே 1999

அன்பு நெலாகோ,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் தெரிந்து ரொம்ப நாளாகிறது. கம்பு அறுவடை பாதிக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் வயலில் நிற்கிறேன், இடுப்பு ஒடிகிறது.

என் குட்டிப் பாப்பா தூலிக்கு ஜூலையில் ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாய், இப்போதே லீவு சொல்லி வை.

ஜூனில் மறுபடி கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்புகிறாயாமே? உன் அத்தான் கேட்கிறார், "உன் தங்கச்சிக்கு விண்ட்ஹுக்ல கூரை இல்லையா, காட்டுக்குப் போய்ப் படுக்குறா?" நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் நீ போகும் நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை, தெரியுமா? அத்தானுடைய பழைய பூட்ஸை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். கூடார வாசலில் வைக்க ஆம்பிளை பூட்ஸ் வேண்டும் என்று போன தடவை கேட்டாயே. எந்த இடம் என்று மட்டும் எழுது.

உன் அக்கா
தைமி

•

விண்ட்ஹுக்
21 மே 1999

அன்பு அக்கா,

பூட்ஸ் வந்தது. யானைக்கே போடலாம் போல இருக்கிறது. அத்தானுக்கு நன்றி சொல்.

நீ பயப்படாதே. நாள் முழுக்க இருட்டறையில் அடுத்தவர் எலும்பைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறவளுக்கு வருஷத்தில் ஒரு வாரமாவது வானம் வேண்டாமா? நான் கண்ணை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை. வெயில் இருக்கும்போதே இடம் பிடித்துவிடுவேன். சாலையிலிருந்து பார்த்தால் கூடாரம் தெரியக்கூடாது. வண்டியின் மூக்கு வெளியே போகும் பக்கம் பார்த்திருக்கும், சாவி கழுத்தில் தொங்கும். யாராவது பேச்சுக் கொடுத்தால், "புருஷன் பின்னாடி வண்டியில வர்றாரு" என்று சொல்லி, இரண்டு தட்டை எடுத்து வெளியே வைப்பேன். இல்லாத புருஷனுக்கு எத்தனை முறை சமைத்திருக்கிறேன் என்று கேட்டால் சிரிப்பாய்.

இந்த முறை, வறண்டு கிடக்கும் உகாப் ஆறு. கோரிக்சாஸ் ஊர் தாண்டி, சாலை ஆற்றில் இறங்கும் இடத்திலிருந்து மேற்கே, சிவப்புப் பாறை ஒன்றின் பின்னால். மணலில் படுக்கமாட்டேன், அது யானை நடக்கிற வழி. மேட்டில்தான் இருப்பேன். ஜூன் இரண்டாம் வாரம். ஞாயிறு மாலை உன் பள்ளிக்கூடத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இரு, நான் கூப்பிடாவிட்டால் திங்கள் காலை போலீசுக்குச் சொல்.

அக்கா, இந்த இடம் உனக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரிடமும் சொல்லாதே, அத்தானிடம்கூட வேண்டாம். விளையாட்டாகச் சொல்லவில்லை.

தூலிக்கு முத்தம்.
நெலாகோ

•

விண்ட்ஹுக்
20 ஜூன் 1999

அக்காவுக்கு,

பத்திரமாக வந்துவிட்டேன் என்று சொல்லத்தான் அன்று கூப்பிட்டேன். குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாய். சளி.

கூடாரம் போய்விட்டது. யானை மிதித்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு வரமுடியாது. லீவு கிடைக்கவில்லை. வேறு யாரையாவது ஞானத்தாயாக வைத்துக்கொள்.

நெலாகோ

•

ஒந்தாங்வா
14 ஜூலை 1999

நெலாகோ,

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் "ஞானத்தாய் எங்கே?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் இடத்தில் என் நாத்தனார் நின்றாள். உன்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பொய் சொன்னேன். பிள்ளையைத் தூக்கக்கூட வராத அளவுக்கு என்ன கோபம்?

அதற்குக் காரணமும் சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. என் கொழுந்தன் பிலேமோன் கோரிக்சாஸ் பக்கம் சாலை வேலையில் இருக்கிறான் அல்லவா? நீ தனியாக இருக்கிறாயே என்று மனசு கேட்காமல், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். நீ சொல்லாதே என்றாய், ஆனால் அவன் வெளியாளா? அவன் எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: "அண்ணி, உங்க தங்கச்சிக்கு ஆட்டுக்கறி எடுத்துட்டுப் போனேன். என்னைப் பாத்ததும் சிங்கத்தைப் பாத்த மாதிரி வண்டியை எடுத்துட்டு ஓடிட்டா! கூடாரத்தை நான்தான் மடிச்சு வெச்சேன்." பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. யானை மிதித்தது என்று எனக்கு ஏன் பொய் எழுதினாய்?

அவனே பாவம், வண்டி ரேடியேட்டர் தெறித்து வெந்த கை இன்னும் ஆறாமல் வந்திருந்தான். நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். வீட்டு மனுஷனை இப்படி அவமானப்படுத்தலாமா? அவனுக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதிவிடு.

தைமி

•

விண்ட்ஹுக்
1 ஆகஸ்ட் 1999

அக்கா,

இதை எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன். இனி எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

அந்தக் கை ரேடியேட்டரில் வேகவில்லை. என் கெட்டிலில் வெந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். தெரியாத ஆளாக இருந்திருந்தால் அவன் கதவைத் திறப்பதற்குள் கிளம்பியிருப்பேன். இறங்கினது பிலேமோன் அண்ணன். "அண்ணிதான் அனுப்பினாங்க, பாப்பா" என்றான். உன் வீட்டு மனுஷன் என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. நானே நாற்காலி போட்டேன்.

குடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆட்டுக்கறி ஒன்றும் இல்லை, பாட்டில்தான் இருந்தது. அவன் ஜோக்குக்கெல்லாம் சிரித்தேன். இப்போது போய்விடுவான், இப்போது போய்விடுவான் என்று காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். "கூட வேலை செய்றவங்க வர்ற நேரம்ணே, நீங்க கிளம்புங்க" என்றேன். சிரித்தான்.

"யார்ட்ட கதை விடுற? நீ தனியாத்தான் வருவேன்னு அண்ணி சொன்னாங்களே."

வாசலில் இருந்த பூட்ஸைக் காலால் தள்ளினான். "இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் பூட்ஸு."

அந்த நிமிஷம்தான் புரிந்தது, அக்கா. என்னிடம் இருந்த எல்லாத் தந்திரமும் அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தான். "காட்டுல தனியாப் படுக்குற பொண்ணு எதுக்குப் படுக்குறான்னு ஊருக்கே தெரியும்" என்றான். சட்டையைப் பிடித்து இழுத்தான், கிழிந்தது. கெட்டிலை அவன் கைமேல் கவிழ்த்தேன். அவன் கத்திக்கொண்டு குனிந்தபோது ஓடி வண்டியில் ஏறினேன். கூடாரம், படுக்கை, சட்டி எல்லாம் அங்கேயே கிடந்தன. கோரிக்சாஸ் பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் வண்டியை நிறுத்திக் கதவைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பங்க்கில் வேலை பார்த்த ஒரு அம்மா ஒன்றும் கேட்காமல் கண்ணாடியைத் தட்டி ஒரு போர்வையைக் கொடுத்தாள்.

போலீஸ் நிலையம் எதிரேதான் இருந்தது. போகவில்லை. என்னவென்று சொல்வது? அக்கா கொழுந்தன் என்றா? நாற்காலி போட்டாயா, சிரித்தாயா என்று கேட்டால்? பாதி நாள் அவன்மேல் கோபம் வருகிறது. மீதி நாள் என்மேல் அருவருப்பாக இருக்கிறது, அது ஏன் என்று எனக்கே புரியவில்லை. குளித்துக் குளித்துப் பார்க்கிறேன்.

மன்னிப்பு எழுதச் சொன்னாய். எழுதமாட்டேன்.

நெலாகோ

•

ஒந்தாங்வா
2 செப்டம்பர் 1999

நெலாகோ,

அன்பு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடக் கழிப்பறையில் நின்று படித்தேன். பிறகு கைகளைப் பார்த்தேன். இந்தக் கையால்தான் அவனுக்கு மருந்து போட்டேன். "வலிக்குதாப்பா?" என்று ஊதிக்கூட விட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பந்தியில் சிரித்தது வேறு.

அன்று சாயங்காலமே உன் அத்தானிடம் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். அப்புறம், "குடிச்சிருப்பான். வெளிய சொன்னா அசிங்கம் யாருக்கு? உன் தங்கச்சிக்குத்தானே" என்றார். நெலாகோ, இதை மறைத்தால் எனக்கு இன்னும் கேவலம்: நானும் அதையே நினைத்தேன். உனக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு இத்தனை நாள் சமைத்தேன், பாடம் நடத்தினேன், கோயிலில் பாடினேன். உனக்குப் பதில் எழுதவில்லை. அது உனக்காக இல்லை, என் வீடு உடையக்கூடாது என்றுதான்.

போன வாரம் தேசிய வீரர்கள் தின விடுமுறைக்கு எல்லோரும் வந்தார்கள். கம்பங்களி, கோழி வைத்தேன். அவன் மறுபடி ஆரம்பித்தான்: "அண்ணி, உங்க சிங்கத்துக்குப் பயந்த தங்கச்சி எப்படி இருக்கா?" பிள்ளைகள் சிரிக்கத் தயாராக அவன் வாயைப் பார்த்தார்கள். அப்போது எனக்கு என்னவோ ஆனது.

"பிலேமோன், அந்தக் கையை உங்க அம்மாகிட்ட நீட்டு. எப்படி வெந்துச்சுன்னு நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"என்ன அண்ணி, ரேடியேட்டர்..."

"என் தங்கச்சி சட்டையக் கிழிச்ச கை அது."

உன் அத்தான் "தைமி!" என்று அதட்டினார். நான் நிறுத்தவில்லை. நான்தான் இடம் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிலேமோன் "பொய்" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அப்புறம் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார். கடைசியில், "அவன் என் பிள்ளை. பசின்னு வந்தா சோறு போடுவேன். ஆனா உன் தங்கச்சி வர்ற நாள்ல அவன் இந்த வாசல மிதிக்கமாட்டான்" என்றார். உன் அத்தான் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

நீ போலீசுக்குப் போவதானால், இடத்தைச் சொன்னவள் நான் என்று வந்து சொல்கிறேன். போகாவிட்டாலும் சரி. மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. நாற்காலி போட்டது நீ செய்த தப்பில்லை. என் பெயரைச் சொன்னதால் போட்டாய்.

தைமி

•

விண்ட்ஹுக்
26 செப்டம்பர் 1999

அன்பு அக்கா,

கோரிக்சாஸ் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதிக்கொண்டது ஒரு பெண் போலீஸ். நான் பயந்த கேள்வி எதையும் கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார், "நீங்க அங்க இருக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?" உன் பெயரைச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். உன்னையும் கூப்பிடுவார்கள். நீ எழுதியபடி வா.

பந்தியில் நீ பேசியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ நாள் கடத்தியதையும் படித்தேன். இரண்டும் உன் கையெழுத்துத்தான். நீ மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, மறைக்கவில்லை. இப்போதைக்கு அது போதும்.

புதுக் கூடாரம் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் போகிறேன். முதல் நாள் பயமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். போகாமல் இருந்தால் அந்த மேடு கடைசிவரை அவனுடையதாகவே இருந்துவிடும்.

எங்கே என்று உனக்கு எழுதப்போவதில்லை, அக்கா. என்னோடு எக்ஸ்ரே எடுக்கிற எல்ஃப்ரீடிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரு நாள் மறுபடி சொல்லமுடியுமோ என்னவோ, இப்போது முடியவில்லை.

ஆனால் ஊர் திரும்பியதும் முதல் தொலைபேசி உனக்குத்தான். ஞாயிறு மாலை பள்ளிக்கூடத்தில் இரு.

நெலாகோ