முறையீட்டுக்கு வந்த விடை

என் அன்புத் தம்பிக்கு,

உன் தமக்கை எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். அவரோடு சண்டையிட்டு நீ கடல் கடந்த நாள்முதல் நான் எழுதிய கடிதம் எதற்கும் விடையில்லை. இதற்கு வரும் என்று நம்புகிறேன். நம்புவதற்குச் சென்ற வாரம் ஒரு காரணம் கிடைத்தது.

எங்கள் அலுவலகம் கண் மருத்துவமனைகளுக்குச் செய்துதரும் மென்பொருளை நீ அறிவாய். விழித்திரையின் படத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டுவது அது. அண்மையில் அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு நிழல் விழத் தொடங்கியது. அதைப் பயன்படுத்தும் மருத்துவர் அம்மா ஒருவர் தொலைபேசியில் கொதித்தார். "இது நோயா, உங்க சாப்ட்வேர் பண்ற கோளாறான்னு தெரியாம நான் எப்படிம்மா கத்தியை எடுக்கிறது?" என்றார்.

நிழலைப் பிடிக்க வேண்டுமானால், படங்களைக் கணக்கிடவென்றே கணினிக்குள் இருக்கும் வரைகலை அட்டையில் ஓடும் கணக்கைப் பாதியில் நிறுத்தி எட்டிப் பார்க்க வேண்டும். பிழைகாண் கருவி என்னும் மென்பொருள் இருப்பதே அதற்காகத்தான். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கணினிகளுக்கெல்லாம் புதிய இயங்குதளத்தை ஏற்றினார்கள். படம் ஓடியது, வண்ணம் ஒளிர்ந்தது. கருவி மட்டும் "அட்டையைக் காணோம்" என்று கைவிரித்தது. கண்ணெதிரே அட்டை உழைக்கிறது. கருவிக்கோ அப்படி ஒன்று இல்லவே இல்லை!

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் நிரலைப் பிரித்துப் போட்டேன். மாடிப்படிக்குக் கீழிருந்த அறையில், ஒரே கணினியின் முன் இரண்டு முக்காலி போட்டு நாம் வளர்ந்த நாளில் நீ ஒரு சட்டம் இயற்றினாயே, நினைவிருக்கிறதா? எவர் முதலில் "மெஷின் மேலதான் தப்பு" என்கிறாரோ, அவர் அந்த அறையைப் பெருக்க வேண்டும். விசைப்பலகை உனக்கு, பின்னால் நின்று வரி வரியாக உரக்கப் படிப்பது எனக்கு. பிழை அகப்பட்டதும், "அக்கா, நிறுத்து நிறுத்து! அந்த வரிய இன்னொரு தடவை சொல்லு!" என்று துள்ளுவாய். அப்பா கதவைத் தட்டி, "உள்ள என்ன, ஊர்க்கூட்டமா நடக்குது?" என்பார். அந்தப் புழுக்கமும் அந்த ஒற்றை விசிறியின் முனகலும் நினைவில் எழும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துபோகிறது. அந்தச் சட்டம் என் எலும்பில் ஊறிவிட்டது, தம்பி. பொறியைப் பழிக்க வாய் வரவில்லை. கருவியின் குற்றத்துக்காக என் நிரலை ஒரு வாரம் அடித்துத் துவைத்தேன். பக்கத்து மேசைக்காரர்தான் பொறுக்கமாட்டாமல், "மேடம், உங்க புரோகிராம் பாவம், விட்டுடுங்க. டிரைவரைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

பார்த்தேன். டிரைவர் என்பது அட்டையை ஓட்டும் இயக்கி; முன்பு நிறுவுவதற்கு ஒரே பொதியாக வந்த அதைப் புதிய பதிப்பில் துண்டு துண்டாகக் கட்டியிருந்தார்கள். கருவியை அட்டைக்குள் நுழையவிடும் சின்னஞ்சிறு கோப்பு தனிப் பொதிக்குப் போய்விட்டது. முதன்மைப் பொதி அதைக் கேட்கவில்லை. கேளாததால் அது வரவும் இல்லை. நானே தேடி நிறுவினேன். கருவி விழித்துக்கொண்டது. படத்தின் ஓரத்தில் எங்கள் கணக்கு ஒரு வரிசைப் புள்ளிகளை இருமுறை கூட்டியதுதான் அந்த நிழல் என்பது அன்றே அகப்பட்டது. மருத்துவர் அம்மாவின் குரலும் தணிந்தது.

பிறரும் என்போல் திண்டாடக் கூடாதே என்று, பொதி கட்டுவோரின் பொது இணையப் பக்கத்தில் அலுவலகத்தின் பெயரால் ஒரு முறையீடு எழுதினேன். அன்று பிற்பகலே விடை வந்தது. 'அன்புள்ள பயனருக்கு' என்று தொடங்கியது. பிரித்தவன் தானே என்றும், கணினியின் வட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று பிரித்தபோது கருவியை நம்பியிருப்போரை எண்ணத் தவறியதாகவும், அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாகவும், என் பொறுமைக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. அடியில், பொதியைக் கட்டியவர் பெயர்: சுண்டெலி.

மேசைக்கடியில் கம்பிகளுக்குள் புகுந்து புகுந்து வந்த உனக்கு அந்தப் பெயரைச் சூட்டியவள் நானல்லவா! வேறு எவர் அதைக் கையொப்பமாக இடுவார்?

முதலில் சினம்தான் மூண்டது. முகமறியாப் பயனருக்குப் பொழுது சாயுமுன் விடை. பெற்றவரிடம் மட்டும் ஆண்டுக்கணக்கில் வாய்ப்பூட்டா? இது என்ன நியாயம் என்று திரையைப் பார்த்தே கேட்டேன். பிறகு மீண்டும் படித்தேன். அயலாரிடம் இத்தனை கனிவாகப் பேசுகிறவன் கல்நெஞ்சனாக இருக்க முடியாது. அன்று அப்பா "போனா போனதுதான், இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றார். அவர் சொன்ன சொல்லை அவரைவிட நீயல்லவா இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறாய்!

அந்த விடையை அவருக்குப் படித்துக் காட்டினேன். பொதியும் புரியவில்லை, கருவியும் புரியவில்லை. ஆயினும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "தப்ப ஒத்துக்கிட்டானா? எங்கிட்ட ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்லையே, பய!" என்று சிரித்தார். சற்றுக் கழித்து, "சாப்பிட்டானா தூங்குனானான்னு அதுல ஏதாச்சும் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அது ஆபீஸ் விஷயம்மா. அதுல போய் அதெல்லாம் எப்படி எழுதுவான்?" என்று உனக்காக அவரே என்னிடம் வாதாடினார்.

தம்பி, எனக்கு எழுத வேண்டாம். அவருக்கு எழுது. விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். சாப்பிட்டேன் என்று எழுது, போதும். அதை நான் படித்துக் காட்டப் போவதில்லை. அவரே கண்ணாடி போட்டுப் படிக்கட்டும்.

உன் உடல் நலம் குன்றாதிருக்கட்டும். உன் உறக்கம் கெடாதிருக்கட்டும்.

என்றும் உன்
அக்கா