முந்திக்கொள்ளும் கம்ப்யூட்டர்

அன்பு மகளே,

இதைக் கையால் எழுதித் தபாலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது.

நம் சண்டைக்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை. அது உன் இஷ்டம். ஆனால் ஐந்து மாதமாக மெயிலும் இல்லை. கேட்டால் உன் அண்ணன், "அவளுக்கு உன் நினைப்பே இல்லம்மா, விடு" என்கிறான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வீட்டைத் தன் பெயருக்கு எழுதச் சொல்லி அவன் கேட்பதும் இந்த ஐந்து மாதமாகத்தான்.

நேற்று கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண்ணை வரவழைத்தேன். அவள் தன் போனிலிருந்து எனக்கு அனுப்பிப் பார்த்த மெயிலும் வரவில்லை.

"பாட்டி, உங்க கணக்கை வேற கம்ப்யூட்டர்லயும் போட்டிருக்காங்க. அது முந்திக்கிட்டு மெயிலை இறக்கிடுது. 'சர்வரில் நகல் இருக்கட்டும்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடாம விட்டிருக்காங்க. அதான் உங்களுக்கு மிச்சமே இல்ல."

இந்தக் கணக்கை முதலில் தன் ஆபீசில் அமைத்தவன் உன் அண்ணன். கேட்டால் டிக் போட மறந்துவிட்டேன் என்பான்; ஐந்து மாதத்துக்கு முன்பு வரை உன் மெயில் எனக்கு வந்துகொண்டுதானே இருந்தது?

பாஸ்வேர்டை நானே மாற்றிவிட்டேன். அந்தப் பெண்ணைக்கூடத் திரும்பி நிற்கச் சொன்னேன். இனி வருவது எனக்கு மட்டும்தான். ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது. இதற்குப் பிறகும் மெயில் பெட்டி காலியாக இருந்தால், அவன் சொன்னதுதான் நிஜம் என்று ஆகிவிடும்.

உன் பதிலுக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்
அம்மா